பட்டாளத்துச் சித்தரின் பெண்டாட்டி

செத்துப்போன ஆறாம் வருஷம், பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த அப்பாதுரை சித்தராகிவிட்டார். உயிரோடு இருந்த காலத்தில் அடி அண்ணாமலை கிராமத்து டீக்கடையில் அவருக்காகப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டவன் ஒருத்தன் கிடையாது. இப்போது பௌர்ணமி என்றால் அவர் தலைமாட்டில் ஒரு நொடி நிற்பதற்கு வரிசை கிரிவலப் பாதை வரைக்கும் நீள்கிறது. ஐதராபாத்திலிருந்து வருகிறார்கள், பெங்களூரிலிருந்து வருகிறார்கள், கார் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சித்தருக்கு வீட்டில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ரேணுகாம்பாளுக்கு வரவில்லை.

ரேணுகாம்பாள் படவேட்டுப் பக்கத்துப் பெண். அங்கே அம்மன் பேரே அதுதான், தெருவுக்கு நாலு ரேணுகாம்பாள் இருப்பார்கள். பட்டாளத்து மாப்பிள்ளை, கௌரவமான சம்பந்தம் என்று சொல்லி அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்தார்கள். கௌரவம் என்னமோ வந்தது, மாப்பிள்ளைதான் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பச்சை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார், பெட்டியில் இருக்கிற துணி வெயிலில் காய்வதற்குள் திரும்பிப் போய்விடுவார். மலையைச் சுற்றிப் போகிற பாதையை ஒட்டி இருந்த கொல்லையில் மல்லாட்டை விதைத்துக் கடலை பிடுங்கியது அவள், மாடு கறந்தது அவள், மாமனாருக்கும் மாமியாருக்கும் கடைசித் தண்ணீர் ஊற்றியது அவள். கேட்டால் பட்டாளத்தான் பெண்டாட்டி என்று ஒரு பெயர். பெயரை வைத்து அடுப்பா எரியும்?

மகன் விமல்ராஜ் வயிற்றில் இருந்தபோதுதான் அவரை இலங்கைக்கு அனுப்பினார்கள். ஊரே அங்கே இருக்கிற ஜனங்களுக்காகக் கடையடைப்பு நடத்தி, உண்டியல் குலுக்கி, அழுதுகொண்டிருந்த நேரம். அதே ஊரிலிருந்து ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும்? ரேணுகாம்பாள் தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரேடியோவில் செய்தி வந்தால் அவளைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார்கள்.

அங்கே அவர் என்ன செய்தார் என்று அவளுக்கு முழுசாகத் தெரியாது. தமிழ் பேசுகிற ஆள் என்று வேறொரு பட்டாளத்தோடு சேர்த்து அவரைச் சோதனைச் சாவடியில் முன்னால் நிறுத்தினார்களாம். பஸ்ஸை மறிப்பார்கள். ஆபீசர் இந்தியில் சொல்வதை இவர் தமிழில் சொல்ல வேண்டும். இறங்குங்கம்மா, பையைத் திறங்கம்மா, கையைத் தூக்குங்கம்மா. கூட இருந்த மூன்று பேர் கண்ணிவெடியில் போனார்கள். அதில் ஒருவனுடைய தட்டில்தான் அன்று காலையில் இவர் சாப்பிட்டிருந்தார். இதையெல்லாம் ஒரே ஒரு தடவை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அடிச்சவன் மூஞ்சிய கூட ஜனங்க மறந்துடும்மே. எறங்கச் சொன்னான் பாரு, அவன் கொரல மறக்காது" என்றார்.

திரும்பி வந்தபோது மாலை போட யாரும் வரவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. டீக்கடைக்குப் போனார். கிளாஸைக் கையில் வாங்கினதும் பெஞ்சிலிருந்த ஒரு பெரிய மனுஷன், "இன்னா அப்பாதுரை, நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டான். கேட்டவன் அதோடு மறந்திருப்பான். இவர் டீயைக் குடிக்காமல் கிளாஸை வைத்துவிட்டு வந்தார், சாகிறவரைக்கும் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தபிறகு திருவண்ணாமலை டவுனில் ஒரு ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். பணம் எடுக்க வருகிறவர்கள் கதவைத் திறந்துவிடச் சொல்லி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த மரியாதை.

அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தன் குழிமேல் வைக்கிற கல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது. ஆசைப்படுவதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று ரேணுகாம்பாள் கேட்டிருக்கிறாள். டெல்லியில் இருந்தபோது வெள்ளைக்காரன் காலத்துப் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது.

"எல்லாம் ஒரே அளவு கல்லும்மே. கர்னலுக்கும் அதே ஒசரம், சமையல்காரனுக்கும் அதே ஒசரம். மேல அவனவன் பட்டாளத்துச் சின்னம். கீழ நம்பரு, ராங்கு, பேரு, வயசு. முடிஞ்சிது. புகழ்ச்சி கெடையாது, பொய்யி கெடையாது. நடுவுல போய் நின்னா எவனும் ஜாஸ்தி இல்ல, எவனும் கம்மி இல்லன்னு இருக்கும்."

பம்புசெட் சுவரில் அடுப்புக்கரியால் வரைந்து காட்டினார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் சின்னம் யானை. கேடயத்துக்குள் யானை, பின்னால் குறுக்கே இரண்டு கத்தி. அவர் வரைந்த யானையைப் பார்த்து ரேணுகாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது ஆனையா? கொளுத்த பன்னி மாதிரி இருக்குது."

"கல்லு அடிக்கிறவன் நல்லா அடிப்பான், நீ சும்மா இரு" என்று அவரும் சிரித்தார். அப்புறம் அடியில் ஒரு வரி எழுதினார். இலங்கை, வருஷங்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எதுக்கு? ஊரு வாயி தெரியுமில்ல?"

"அதான் நான் போன சண்டை. மத்த எடத்துலல்லாம் சும்மா காவல் நின்னேன். நல்லதோ கெட்டதோ, போனேன் இல்ல? போனவன் போனான்னு கல்லு சொல்லட்டும். நான் வாயால சொல்லல."

ஏடிஎம் வாசலில் ஒரு நாள் காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். தூங்குகிறார் என்று நினைத்து மத்தியானம் வரை ஜனங்கள் அவரைத் தாண்டிப் போய்ப் பணம் எடுத்திருக்கிறார்கள். சொந்தக் கொல்லையில், பாதை ஓரத்து வேப்பமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து மலர்வளையம் வைத்து சல்யூட் அடித்தார்கள். டீக்கடைப் பெஞ்சு வரவில்லை.

கல் அடிக்கக் கொடுக்கப் போனபோது சண்டை ஆரம்பித்தது. டவுனுக்கு வெளியே கருங்கல் பட்டறை வைத்திருக்கும் சடையன் போனை நீட்டி மாடல் மாடலாகத் தள்ளிக் காட்டினான். பட்டாளத்துக்காரன் கல்லறை என்றால் இன்றைக்கு எது ஓடுகிறது என்று அவனுக்கு அத்துபடி. தலைகீழாகக் குத்தி நிறுத்திய துப்பாக்கி, அதன்மேல் இரும்புத்தொப்பி. குறுக்கே இரண்டு துப்பாக்கி, நடுவில் கொடி. லேசரில் அடித்த போட்டோ, பின்னால் பனிமலை, மலைக்கு மேலே விமானம், அடிவாரத்தில் டாங்கி. ஆரணிப் பக்கம் லாரி ஓட்டிய ஹவில்தார் ஒருவருக்கு அந்த விமானம் போட்டதைப் பெருமையாகச் சொன்னான்.

விமல்ராஜுக்கு டாங்கி பிடித்துப்போயிற்று. கிரிவலப் பாதையில் கூல் டிரிங்க்ஸ் கடை வைத்திருந்தான். நாலு பேர் பார்க்கிற மாதிரி அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு உண்மையாகவே ஆசை.

"உங்கப்பன் டாங்கிய டிவியிலதான்டா பார்த்தாரு" என்றாள் ரேணுகாம்பாள்.

"அது யாருக்கும்மா தெரியப்போவுது? சரி, டாங்கி வாணாம், ஆனை போட்டுக்கலாம். அந்த இலங்கை மட்டும் வாணாம். ரோட்டு ஓரம்மா. படிச்சிட்டு எவனாவது குடிச்சிட்டு வந்து கல்லை ஒடைப்பான்."

"ஒடைச்சா வேற கல்லு வெப்பேன்."

வேலை முடிகிறவரைக்கும் தினமும் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போய், தார்ப்பாய் நிழலில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை தனக்குத் தெரியாமல் போன் போட்டு அந்த வரியை எடுக்கச் சொல்லிவிடுவான் என்று பயம். எழுத்து ஒவ்வொன்றாகக் கல்லில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்து வந்தாள். அவள் வாழ்க்கையில் நின்று ஜெயித்தது அந்த ஒன்றுதான்.

யானையைத்தான் அவள் சரியாகக் கவனிக்கவில்லை. சடையன் அதுவரைக்கும் கோயில் வேலைதான் செய்து பழகியவன். சின்னத்தின் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான், பிறகு கை தானாகப் போயிற்று. நெற்றிப்பட்டம் வந்தது, கழுத்தில் மணி வந்தது, துதிக்கை அழகாக உள்பக்கம் சுருண்டது, தொந்தி மாதிரி வயிறு பெருத்தது. பின்னால் குறுக்கே நின்ற இரண்டு கத்திகளும் தூரத்திலிருந்து பார்த்தால் கரும்பு என்றுதான் தோன்றும். ரேணுகாம்பாளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அவர் வரைந்த பன்றிக்கு இது எவ்வளவோ மேல் என்று சந்தோஷப்பட்டாள்.

வேறு ஊராக இருந்தால் யானை யானையாகவே இருந்திருக்கும். இது திருவண்ணாமலை. மலையைச் சுற்றுகிறவன் கண்ணுக்கு மைல் கல் தெரிந்தால்கூட அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போவான். பாதை ஓரத்தில் வேப்பமரம், மரத்தடியில் கருங்கல், கல்லின் தலையில் துதிக்கை. இதற்குமேல் அவனுக்கு என்ன வேண்டும்?

ஒரு பௌர்ணமி சாயங்காலம் தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து கொல்லைக்குள் வந்தாள். யானையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள், அருகம்புல்லைக் கிள்ளிச் சாத்தினாள், தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள். ரேணுகாம்பாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தாள். அம்மாடி, இது பிள்ளையார் இல்லை, என் வீட்டுக்காரர் என்று போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் செய்த தப்பு அதுதான். அந்த மனுஷனைப் பார்த்து ஒருவர் கைகூப்பி அவள் பார்த்ததே இல்லை. யாராக நினைத்துக் கும்பிட்டால் என்ன, கை குவிந்தது அவர் பக்கம்தானே என்று நினைத்துவிட்டாள். வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அடுத்த பௌர்ணமிக்கு இருட்டில் ஜனங்களுக்குக் கல் தெரியட்டும் என்று அவளே ஒரு அகல் ஏற்றி வைத்தாள்.

வெளிச்சத்தைப் பார்த்து வந்தவர்களில் ஒருவன் கேமரா வைத்திருந்தான். ‘கிரிவலப் பாதையில் யாருக்கும் தெரியாத பட்டாளத்துச் சித்தர்’ என்று வீடியோ போட்டான். பிள்ளையார் இல்லை, பிள்ளையாரை உபாசித்த சித்தரின் சமாதி என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். பட்டாளம் என்பதை மட்டும் கல்லில் படித்திருந்தான், மிச்சத்தைப் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. ஆனால் மேலே இருந்த நம்பரைப் பெரிதாகக் காட்டினான். அது அப்பாதுரைக்குப் பட்டாளத்தில் கொடுத்த நம்பர். சம்பளம் வாங்கும்போதும் லீவு கேட்கும்போதும் சொல்ல வேண்டிய நம்பர். சித்தர் நமக்காக விட்டுப்போன ரகசிய எண் என்று அவன் சொன்னதும் ஜனங்கள் அதை எலுமிச்சம்பழத்தில் எழுதினார்கள், பர்ஸில் மடித்து வைத்தார்கள், ஒரு ஆட்டோவின் முதுகில்கூட ஒட்டியாயிற்று.

சர்க்கரை சிந்தின இடத்துக்கு எறும்பு வருமே, அதற்கும் முன்னால் சுப்பன் வந்து சேர்ந்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கார் நிறுத்தும் இடத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தவன், ஒரு காவி வேட்டியைச் சுற்றிக்கொண்டு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கதையும் அவன்தான் கட்டினான். எல்லையில் காவல் நின்ற சிப்பாய்க்கு அண்ணாமலையார் கனவில் வந்தாராம். துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தே இங்கே வந்தாராம். கல்யாணம் காட்சி இல்லாத பிரம்மச்சாரியாம், உட்கார்ந்த நிலையில் உயிரோடு சமாதி ஆனாராம். விமல்ராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிரம்மச்சாரியின் பிள்ளை கடைப் பலகையை மாற்றி, பட்டாளத்துச் சித்தர் கூல் டிரிங்க்ஸ் என்று எழுதிப் போட்டான்.

ரேணுகாம்பாளுக்கு அப்போதுதான் திக்கென்றது. சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் வழிந்து எழுத்தெல்லாம் அடைத்துப்போயிருந்தது. பேரைக் காணோம், ராங்கைக் காணோம், இலங்கையைக் காணோம். பௌர்ணமி கழிந்த ஒவ்வொரு காலையும் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டுபோய், ஈர்க்குச்சியால் எழுத்தெழுத்தாகக் குத்திக் கழுவினாள். அடுத்த பௌர்ணமியில் மறுபடி மூடிக்கொள்ளும். வருகிறவர்களிடம் சொல்லியும் பார்த்தாள். "இவரு என் வூட்டுக்காரருங்க, மிலிட்டரியில இருந்தாருங்க" என்பாள். பாவம், கிழவிக்கு என்னவோ என்று வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சுப்பன் ஒருநாள் அவள் கையிலிருந்த நாரைப் பிடுங்கி எறிந்தான்.

"சித்தருக்கு ஏதும்மா பொண்டாட்டி? வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?"

கொல்லை அவளுடையது, குழி அவள் புருஷனுடையது, அவளைப் பார்த்து இந்தக் கேள்வி. நேரே மகனிடம் போனாள்.

விமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டம்.

"யம்மா, சின்ன வயசுல ஸ்கூல்ல என்னை இன்னான்னு கூப்பிட்டானுங்க தெரியுமா? துரோகி புள்ள. நைனாவுக்கு இந்த ஊரு செருப்பு மாலை போடாத கொறைதான். இன்னைக்கு அதே ஊரு பூமாலை போடுது. டீக்கடைக்காரன் குடும்பத்தோட வந்து விழுந்துட்டுப் போறான். உனக்கு இன்னாம்மா கஷ்டம்?"

"அது உங்கப்பனுக்குப் போடற மாலை இல்லடா."

"அவரு தலை மேலதான விழுது."

"எந்தத் தலைன்னு தெரியாம போடறாங்கடா. தெரிஞ்சா போடுவாங்களா? அந்த எழுத்தப் படிச்சிட்டு ஒருத்தன் போடட்டும், நானே மேளம் வெக்கிறேன்."

வேங்கிக்கால் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிடலாமா என்றுகூட அவள் யோசித்தாள். மனுவில் என்ன எழுதுவது? என் புருஷனைச் சாமி ஆக்கிவிட்டார்கள், பழையபடி மனுஷன் ஆக்கிக் கொடுங்கள் என்றா? சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஆடி மாசம் பிறந்ததும் மருமகள் கஸ்தூரி திடீரென்று பாசமாகிவிட்டாள். "அத்தை, படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வெச்சி எத்தினி வருஷம் ஆச்சி, வாங்க போலாம். அப்படியே உங்க தம்பி வூட்ல நாலு நாள் இருந்துட்டு வரலாம்" என்றாள். பிறந்த ஊர் என்றதும் கிழவிக்கு மனசு இளகிவிட்டது. போனாள். பொங்கல் வைத்தாள். தம்பி பேரப்பிள்ளைகளோடு விளையாடினாள். திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால், கொல்லையில் தகரக் கூரையும் பளபளவென்று டைல்ஸ் தரையும் மின்னிக்கொண்டிருந்தன.

தரையை உயர்த்தியிருந்தார்கள். மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று சாக்குச் சொல்லி, கல்லைச் சுற்றி ஜல்லி கொட்டி, கான்கிரீட் போட்டு, யானையின் கால்மட்டம் வரை கொண்டுவந்து, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். யானை மட்டும் தரையிலிருந்து முளைத்ததுபோல் வெளியே நின்றது. நம்பரைத் தனியாகப் பித்தளைத் தகட்டில் வெட்டி முன்னால் பதித்திருந்தார்கள். பேர், ராங்கு, ரெஜிமெண்ட், இலங்கை எல்லாம் தரைக்குக் கீழே போய்விட்டது. ரேணுகாம்பாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன்மேல் ஏறி நின்றாள்.

"உங்கப்பன் பேரு எங்கடா?"

"உள்ளதாம்மா இருக்குது. யாரும் எடுத்துக்கினு போகல" என்றான் விமல்ராஜ்.

"ஒரு தடவ பொதைச்சது பத்தலயாடா உனக்கு?"

அவளுக்கு இன்னொன்று நெஞ்சில் தட்டியது. குழிக்குப் பக்கத்தில் வேப்பமரம் வரைக்கும் இருந்த இடத்தில் இப்போது செருப்பு வைக்கிற அலமாரி நின்றது.

"நான் செத்தா எங்கடா வெப்ப?"

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கும்மா?"

"ஊரு சுடுகாடு இருக்குதில்ல அத்தை" என்றாள் கஸ்தூரி, தரையைத் துடைத்துக்கொண்டே. "பிரம்மச்சாரி சமாதிக்குப் பக்கத்துல பொம்பளைய வெச்சா நாளைக்கு ஜனம் இன்னா பேசும்?"

ரேணுகாம்பாள் அன்றிலிருந்து அந்த வீட்டில் பேசவில்லை. மாட்டோடு மட்டும் பேசினாள்.

அடுத்த பௌர்ணமிக்குக் குருபூஜை வைத்தார்கள். பந்தல், மைக்செட், அன்னதானம். அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் வெளியூர்க்காரர்களோடு வரிசையில் நின்று உள்ளே வந்தாள். வந்தவள் நகரவில்லை. யானைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பேர் எந்த இடத்தில் இருக்கும் என்று மனசில் அளந்து, அந்த இடத்து டைல்ஸை உள்ளங்கையால் தடவினாள். வழவழவென்று இருந்தது. அதைத் தடவத் தடவ, அடக்கிவைத்த அழுகை எல்லாம் வெடித்துக்கொண்டு வந்துவிட்டது.

பின்னால் நின்ற சென்னைக்காரப் பெண் ஒருத்தி பதறிப்போய் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்தாள். நல்ல பெண், முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"ஏம்மா அழறீங்க?"

"இவரு என் புருஷன்மா. முப்பத்தஞ்சு வருஷம் இவரோட வாழ்ந்தேன். கீழ அடைச்சி வெச்சிருக்காங்கம்மா."

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரேணுகாம்பாளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமியவே புருஷனா நெனச்சி வாழ்ந்துட்டீங்களா? இந்த பக்தி எங்களுக்கெல்லாம் எந்த ஜென்மத்துல வரும்?" என்றவள் திரும்பித் தன் கணவனைக் கூப்பிட்டாள். "இங்க வாங்க, இந்த அம்மா கால்ல விழுங்க. சித்தருக்கே தன்ன குடுத்தவங்க."

அவன் விழுந்தான். அவனைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் விழுந்தார்கள். ஒருத்தி தன் கழுத்து மாலையைக் கழற்றி ரேணுகாம்பாளுக்குப் போட்டாள். இன்னொருத்தி, புருஷன் செத்த அன்றைக்கு ஊர்ப் பெண்கள் கூடி அழித்துவிட்ட நெற்றியில், தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துப் பெரிதாக வைத்தாள். சுப்பன் ஒரு நொடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மறு நொடி மைக் அவன் கையில் இருந்தது. "அம்மாவுக்கு வழி விடுங்க, சித்தரோட தெனமும் பேசற அம்மா, தள்ளாதீங்க, வரிசையா வாங்க" என்றான்.

விமல்ராஜ் கூட்டத்தில் நுழைந்து வந்து அவள் காதருகில் குனிந்தான்.

"யம்மா, ஒண்ணும் பேசாத. இப்படியே உக்காந்துக்க. இனிமே உன் எடம் இங்கதாம்மா. அப்புறமும் இங்கதான். அந்தச் செருப்பு அலமாரிய நாளைக்கே எடுத்துடறேன், சத்தியமா."

ரேணுகாம்பாள் மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் சந்தோஷமாக இருந்தான். எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழி கிடைத்துவிட்ட சந்தோஷம். பெண்டாட்டியாக வந்தால் பக்கத்தில் இடம் கிடையாது, பெண்டாட்டி இல்லையென்றால் உண்டு. நெற்றியைத் துடைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போனால் எங்கே போவது? அவர் இங்கேதான் இருக்கிறார்.

இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவளுக்கு யானையின் பக்கத்தில் ஒரு மர நாற்காலி போடுகிறார்கள். மஞ்சள் சேலை கட்டி உட்காரவைக்கிறார்கள். காலில் விழுகிறவர்களைத் தூக்கி, தலையில் கை வைத்து, ஒவ்வொருவர் காதிலும் அவள் மெதுவாக ஏதோ சொல்கிறாள். அந்தக் காலத்துப் பெண்டாட்டி அவள், அவர் உயிரோடு இருந்தவரை வாயால் சொல்லாத பேர் அது. நாயக் அப்பாதுரை, மெட்ராஸ் ரெஜிமெண்ட், இலங்கைச் சண்டைக்குப் போனவர், என் வீட்டுக்காரர். ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்கிறாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். அம்மா மந்திரம் கொடுத்தாங்க, வெளியில சொல்லக்கூடாதாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மிச்சமிருக்கும் கிரிவலத்தை நடக்கிறார்கள்.